அத்தையைச் சாகடித்து எடுத்த லீவு

நவம்பர் 14, வெள்ளி இரவு

தூக்கம் வரவில்லை. ஹட்டனில் இன்று நடக்கவிருந்த இசை நிகழ்ச்சிக்குப் போவதற்காக, ராகலையில் இருக்கும் அத்தை இறந்துவிட்டதாக, நான் வேலை செய்யும் ஹோட்டலில் நேற்றுப் பொய் சொன்னேன். பாட்டுக் கேட்க யார் லீவு தருவார்கள்? மேனேஜர் உடனே மூன்று நாள் தந்தார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

ஹட்டனில் இறங்கியதும் கொட்டும் மழை. ட்ரம்ஸைத் தார்ப்பாயால் மூடிவிட்டார்கள். கிட்டார்காரர் சுருதி சேர்க்க நாலு தடவை மீட்டினார். நான் கேட்ட சங்கீதம் அவ்வளவுதான். நிகழ்ச்சி நாளை மாலைக்குத் தள்ளிப்போனது.

நுவரெலியா அறைக்குத் திரும்பித் தலை துவட்டும்போது, என்னோடு ரிசப்ஷனில் வேலை செய்யும் சுமதி அக்கா போன் செய்தார்.

"அழாத தங்கச்சி. நாளைக்குக் காலையில நாங்க எல்லாரும் ஹோட்டல் வேன்ல ராகலைக்கு வாறோம். மலர்வளையம் சொல்லியாச்சு."

"வேணாங்கக்கா, மழையில ரோடு மோசம்."

"செத்த வீட்டுக்கு வர மழை பாக்கிறதா? வழியும் சொல்ல வேணாம். ரோட்டுல இருந்து வீடு வரைக்கும் வெள்ளைக் கொடி கட்டியிருப்பீங்க தானே."

நானே அதே வேனில் எத்தனை செத்த வீடுகளுக்குப் போயிருக்கிறேன்! பொய் சொல்லும்போது மட்டும் அது எப்படி மறந்தது?

அத்தையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று அழைத்தேன்.

"பாட்டு எப்படிடி இருந்துச்சு?"

"மழைங்க அத்தை. நாளைக்கு மாத்திட்டாங்க. அத்தை, வந்து..."

"அப்ப காலையில இங்க வந்து சாப்பிட்டுப் போயேன். நான் எங்கயும் போகல, வீட்டுலதான் இருப்பேன்."