எது இருக்கட்டும், எது போகட்டும்

மார்ச் 3, திங்கள்

காலையில் மச்சான் ஃபோன் செய்தார். மாடியில் ஒரு ரூம் கட்ட பிளான் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். ஆர்க்கிடெக்ட் என்றால் வீடு கட்டுகிறவன் என்று கல்யாணம் ஆன நாளிலிருந்து நம்பிக்கொண்டிருக்கிறார். நான் காப்பீட்டுக் கம்பெனியில் எந்த மென்பொருள் எதோடு பேச வேண்டும் என்று பெட்டி பெட்டியாகப் படம் வரைகிறவன். சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. "பார்க்கலாம் மச்சான்" என்று வைத்துவிட்டேன்.

மதியம் இயக்குநர் கூப்பிட்டார். எங்கள் கம்பெனியைப் போன வருடம் வாங்கிய கம்பெனியின் ஆள். இரண்டு பக்கமும் தனித்தனி க்ளெய்ம் மென்பொருள் இருக்கிறது. இனி ஒன்றுதான் இருக்குமாம். எது என்று நான் ஓர் அறிக்கை எழுத வேண்டும். அந்தப் பக்கத்து ஆர்க்கிடெக்ட் அம்மாவும் தனியாக ஒன்று எழுதுவார். அடுத்தவர் மென்பொருளைத் திறந்து பார்க்கலாம், அடுத்தவரோடு பேசக் கூடாது. பேசினால் நடுநிலை கெட்டுவிடுமாம்.

"எந்த சிஸ்டம் நிக்குதோ அந்த டீம் நிக்கும். உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர்தான் தலைமை ஆர்க்கிடெக்ட். யோசிச்சு எழுதுங்க" என்றார்.

மிரட்டலா, அக்கறையா? முகத்தைப் பார்த்தும் தெரியவில்லை.

மார்ச் 5, புதன்

இவளிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள் என் மனைவி.

"இதுல யோசிக்க என்னங்க இருக்கு? நம்மதுதான் நல்லதுன்னு எழுதிக் குடுங்க. அந்தம்மா மட்டும் உங்களதைப் புகழ்ந்தா எழுதப் போறாங்க?"

"பார்க்காம எப்படி எழுதறது?"

"பார்த்துட்டே எழுதுங்க. ஆனா வயசு ஐம்பதாகப் போகுது. இந்த நாற்காலி இப்ப இல்லன்னா எப்பவும் இல்ல."

அவள் சொல்வதில் தப்பே இல்லை. அதுதான் கஷ்டம்.

மார்ச் 11, செவ்வாய்

ஒரு வாரமாக அவர்களுடைய மென்பொருளைத் துருவிக்கொண்டிருக்கிறேன். வயிற்றெரிச்சலாக இருக்கிறது. வாடிக்கையாளரின் முகவரி ஒரே ஒரு இடத்தில் இருக்கிறது! எங்களிடம் நாலு இடத்தில். ஒருவர் வீடு மாறினால் ஒரு கடிதம் புது வீட்டுக்கும் மூன்று கடிதம் பழைய வீட்டுக்கும் போகும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அதை விளக்கும்போதெல்லாம் என் குரல் தானாகவே இறங்கிவிடும்.

லிஃப்டில் எங்கள் டெஸ்டிங் பெண் கேட்டாள். டீமிலேயே வாயாடி அவள்தான். இன்று மெதுவாகப் பேசினாள். "சார், நம்ம சிஸ்டம் தப்பிச்சிடும்ல?"

"பார்க்கலாம்மா."

மச்சானுக்குச் சொன்ன அதே பதில். எல்லோருக்கும் இதைச் சொல்லியே பிழைப்பை ஓட்டிவிட்டேன் போல.

மார்ச் 14, வெள்ளி

இருமல். ஒரு வரியும் எழுதவில்லை.

மார்ச் 21, வெள்ளி

அனுப்பிவிட்டேன். அவர்களுடையது இருக்கட்டும், எங்களுடையதை இரண்டு வருடத்தில் மூடிவிடலாம் என்று எழுதினேன். எங்கள் டீமை அங்கே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கடைசியில் ஒரு பத்தி. அதை யாரும் படிக்கப் போவதில்லை.

வேறு மாதிரி எழுதிப் பார்த்தேன். மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் அந்த நாலு முகவரி வந்து முன்னால் நின்றது. இந்த வேலையில் எனக்கென்று மிச்சம் இருப்பது, நான் வரைகிற படம் பொய் சொல்லாது என்கிற பேர் ஒன்றுதான். ஆனால் அந்தப் பேருக்கு ஏன் என் டீமில் இருக்கிற பன்னிரண்டு குடும்பம் விலை கொடுக்கணும்? என்னடா பண்ணி வச்சிருக்க? நல்லவன்னு யார்கிட்ட சர்டிஃபிகேட் வாங்கப் போற?

மார்ச் 22, சனி

இவளிடம் சொல்லிவிட்டேன். தட்டு வைக்கிற சத்தத்திலேயே எல்லாம் சொல்லிவிட்டாள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

இயக்குநர் அறைக்கு இருவரையும் ஒன்றாகக் கூப்பிட்டார். அந்த அம்மாவை இன்றுதான் நேரில் பார்க்கிறேன். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவராக இருக்கலாம், கண்ணுக்குக் கீழே என்னைப் போலவே கருப்பு. மேஜையில் இரண்டு அறிக்கையும் கிடந்தன.

"என்ன, ரெண்டு பேரும் விளையாடறீங்களா?"

அந்த அம்மா எங்கள் மென்பொருள்தான் இருக்கட்டும் என்று எழுதியிருக்கிறார். தங்களுடையதை மூடிவிடச் சொல்லியிருக்கிறார்!

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், இருமலாக மாறிவிட்டது. அந்த அம்மா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

ஏப்ரல் 9, புதன்

இவளிடம் சொன்னபோது முதலில் நம்பவில்லை. அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தாள். இரண்டு வாரத்துக்குப் பிறகு வீட்டில் சிரிப்புச் சத்தம்.

"உங்க வீட்டு அடுப்படி உங்களுக்குத் தெரியும், அவங்க வீட்டு ஹாலைத்தானே பார்த்தீங்க? அவங்களும் அதேதான். ஒரு வார்த்தை பேச விட்டிருந்தா முடிஞ்சிருக்கும்."

பேச விடவில்லையே. நடுநிலை!

ஏப்ரல் 23, புதன்

இரண்டு அறிக்கையில் எது சரி என்று பார்க்க வெளியிலிருந்து ஓர் ஆலோசகரை அழைத்து வந்திருக்கிறார்கள். நல்ல சட்டை. என்னிடம் இருபது நிமிடம் பேசினார், அதில் பாதி நேரம் அவரே பேசினார்.

மே 6, செவ்வாய்

முடிவு வந்துவிட்டது. இரண்டுமே நல்லவை என்று எதிர்த் தரப்பே சொல்லிவிட்டதால் இரண்டும் இருக்குமாம். நடுவில் இரண்டையும் பேச வைக்க மூன்றாவதாக ஒன்று கட்டப்படும். என் வாழ்நாளில் பார்த்ததிலேயே மோசமான படம் இதுதான். இனி ஒரு க்ளெய்ம் சிக்கினாலும் மூன்று இடத்தில் பழுது பார்க்க வேண்டும்.

அதைக் கட்டப்போகிற தலைமை ஆர்க்கிடெக்ட், அந்த ஆலோசகர்.

"தலைமைக்கு வர்றவங்க தன் சிஸ்டத்துக்காக நிக்கணும். நீங்க ரெண்டு பேரும் நிக்கல" என்றார் இயக்குநர். எனக்குக் கோபம்கூட வரவில்லை. களைப்பாக இருந்தது. இவளிடம் சொன்னேன். "சரி விடுங்க, வந்து சாப்பிடுங்க" என்றாள். குரல் உடைந்திருந்தது.

மே 9, வெள்ளி

யாருக்கும் வேலை போகவில்லை என்று காலையில் அறிவித்தார்கள். அறிக்கைகளை வெளியே காட்டவில்லை. காட்டவும் மாட்டார்களாம்.

பதினோரு மணிக்கு டீம் முழுக்க என் இடத்துக்கு வந்துவிட்டது. டெஸ்டிங் பெண் கேக் வாங்கி வந்திருந்தாள்.

"எங்களுக்காகச் சண்டை போட்டு உங்க பிரமோஷனையே விட்டுட்டீங்களாம் சார். எல்லாரும் சொல்றாங்க." அவள் கண் கலங்கியிருந்தது.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் கேக்கை ஊட்டிவிட்டாள். எல்லோரும் கை தட்டினார்கள். இவர்களைக் காப்பாற்றியது இவர்கள் முகம்கூடப் பார்க்காத ஒரு பெண்.

மதியம் அந்த அம்மாவோடு முதல் கூட்டம். இரண்டு மென்பொருளையும் இணைக்கிற கோட்டை நாங்கள்தான் வரைய வேண்டும். பலகை முன்னால் நின்றோம். அவர் உதட்டோரத்தில் கொஞ்சம் கிரீம் ஒட்டியிருந்தது.

"உங்க ஆளுங்களும் கேக் வாங்கினாங்களா சார்?" என்றார்.

"ஆமா மேடம்."

"உண்மையைச் சொன்னீங்களா?"

"இல்ல. நீங்க?"

அவர் தலையை ஆட்டினார், இல்லை என்று. பிறகு உதட்டைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்து, பலகையில் முதல் பெட்டியைப் போட்டார்.