குட்டி டீச்சரின் விரல்

ஜூன் 12
ஐந்து வகுப்பு, ஒரே அறை, ஒரே கரும்பலகை. பாடம் நடத்த நான் ஒருத்தி. மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல் சொன்னால் மற்ற நாலு வகுப்பும் வாயைப் பார்க்கிறது. தலைமையாசிரியை ஆபீஸ் அறையில் பதிவேடுகளோடு குடித்தனம் நடத்துகிறார். “ஒண்ணாம் வகுப்ப பத்திக் கவலைப்படாதீங்க. குட்டி டீச்சர் இருக்கா,” என்றார். ஐந்தாம் வகுப்புப் பெண். இரண்டு வருடமாகச் சின்னதுகளை மேய்க்கிறாளாம்.

ஜூன் 20
அவள் மட்டும் இல்லாவிட்டால் நான் செத்தேன்.

ஜூலை 3
ஒன்றாம் வகுப்புக்குப் புதுப் புத்தகங்கள் வந்தன. முதல் பாடத்தையே மாற்றிவிட்டார்கள். குட்டி டீச்சர் வரிக்கு வரி விரல் வைத்துக் கணீரென்று படித்தாள் — பழைய பாடத்தை! சின்னதுகளும் கோரஸாகச் சொல்லின.

பக்கத்தில் போய், “இது என்ன எழுத்து?” என்றேன். படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு ஒன்றாம் வகுப்பிடம், “சத்தம் போடாதீங்க!” என்று அதட்டினாள். அங்கே யாரும் மூச்சுகூட விடவில்லை.

ஜூலை 4
அவளுக்கு எழுத்தே தெரியவில்லை என்று தலைமையாசிரியையிடம் சொன்னேன். “படிப்பு தானா வரும். புள்ளைக்கு எவ்ளோ தன்னம்பிக்கை பாருங்க!”

த்தூ.

சாயங்காலம் அவள் அம்மா வாசலில் நின்று, “எங்க வீட்ல டீச்சரம்மான்னுதான் கூப்பிடுவோம்,” என்றாள். முகமெல்லாம் பல். அடுத்த வருடம் பெரிய பள்ளிக்கூடத்தில் எவன் கூப்பிடுவான் அப்படி? நான் மட்டும் என்ன யோக்கியம்? அவள் தயவில் நிம்மதியாகப் பாடம் நடத்தினவள்தானே?

ஜூலை 5
அவளை என் மேஜையருகே உட்காரவைத்து முதல் எழுத்திலிருந்து ஆரம்பித்தேன். அழுதாள். “நான் என்ன டீச்சர் தப்பு பண்ணேன்?” அவள் விரலைப் பிடித்து ‘அ’ மேல் வைத்தேன்.

ஆகஸ்ட் 8
எழுத்துக்கூட்டி ஒரு வரி படித்தாள். புதுப் பாடம்.

செப்டம்பர் 9
மண்டையைப் பிளக்கும் தலைவலி. ஒன்றாம் வகுப்பில் அடிதடி. நாலாம் வகுப்பில் சமர்த்தாக இருந்த பெண்ணைக் கூப்பிட்டுக் கையில் சாக்பீஸைக் கொடுத்தேன். “கொஞ்ச நேரம் அவங்கள பாத்துக்கோம்மா.” வாயிலிருந்து வந்தபிறகுதான் உறைத்தது. சீ, அதே தலைமையாசிரியை குரல்.

மேஜையருகே இருந்தவள் வரியிலிருந்து விரலை எடுக்காமல் நிமிர்ந்தாள். “வேணாம் டீச்சர். அவளாவது படிக்கட்டும்.”

சாக்பீஸைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். மணி அடிக்கும்வரை ஒன்றாம் வகுப்பு ஒரே சந்தைக்கடை.