உங்கள் கோதுமைச் செயினைக் கழுவிய ஞாயிறு

மதினி,

விரலை மூக்கருகே கொண்டுபோனால் இன்னும் பூந்திக்கொட்டை வாசம் அடிக்கிறது. நேற்று ஞாயிற்றுக்கிழமை, உங்கள் கோதுமைச் செயினை, கோதுமை மணி மாதிரி கண்ணி கோத்த அந்தத் தங்கச் செயினை, எடுத்துக் கழுவினேன். வெதுவெதுப்பான நுரைத் தண்ணீரில் போட்டு, சோறு வேகிற நேரம் விட்டுப் பார்த்தால், கிண்ணத்தின் அடியில் சாம்பல் நிறத்தில் படிந்திருந்தது. பட்டாசுக்குப் போடுகிற, எவ்வளவு குளித்தாலும் நம் தோலை விட்டுப் போகாத அதே அலுமினியப் பவுடர். நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது. நீங்கள் பார்த்த வேலை இன்னும் அந்தக் கண்ணிகளுக்குள் இருந்திருக்கிறது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்; சோறு குழைந்துவிட்டது.

நீங்கள் போனது காய்ச்சலில். சிவகாசிப் பக்கம் ஒருத்தி செத்தாள் என்றதும் வெளியூர்க்காரர்கள் "வெடி விபத்தா?" என்று கேட்கிறார்கள். எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. காய்ச்சலில் சாகக்கூட எங்களுக்கு உரிமை இல்லையா?

அதைவிடப் பெரிய கோபம் உங்கள் மகள் மேல். மதுரையில் கல்லூரி இரண்டாம் வருடம் படிக்கிறவள், லீவுக்கு வந்த இடத்தில் "இனிமே போகல அத்தை" என்று சொல்லிவிட்டாள். அப்பாவைத் தனியாக விட மனமில்லையாம். நம் பட்டாசுக் கம்பெனி போர்மேனைப் பார்த்து, அம்மா உட்கார்ந்த இடத்தில் திங்கட்கிழமை முதல் வருகிறேன் என்று பேசியும் முடித்துவிட்டாள். எனக்குத் தெரிந்தது சனிக்கிழமை சாயங்காலம்தான். நடுவில் ஒரே ஒரு நாள். என்ன சொல்லி அவளைத் தடுப்பது என்று தெரியவில்லை. வெறுங்கையோடு இருக்கவும் முடியவில்லை. அதனால்தான் செயினை எடுத்தேன்.

கழுவுகிற பக்குவமும் உங்களிடம் திட்டு வாங்கித் தெரிந்துகொண்டதுதான். மல்லாங்கிணற்றில் என் தங்கை மகள் கல்யாணத்துக்கு நான் கிளம்பினபோது, கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் கிடப்பதைப் பார்த்து நீங்களாகவே செயினை எடுத்துக் கொடுத்தீர்கள். உரசினால் பொறி பறக்கும் என்று கம்பெனிக்குள் தங்கம், வெள்ளி, இரும்பு எதுவும் ஆகாது. வாசல் கேட்டிலேயே கொண்டை ஊசியைக்கூட வாங்கி வைத்துவிடுவார்கள். தாலியையே கயிற்றில் போட்டுக்கொள்கிறவர்கள் நாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வருகிற செயின் அது. கல்யாணத்துக்குக் கிளம்பின அன்றைக்கு அரைநாள் வேலை முடித்து, பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் நான் குளிக்கவில்லை. வேலைத் துணியாலேயே கழுத்தைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

வேர்வையும் பவுடரும் சேர்ந்து கண்ணிக்குள் ஏறி, மண்டபத்தில் செயின் வெளிறிக் கிடந்தது. சம்பந்தியம்மா என் கழுத்தையே பார்த்துவிட்டு, "கவரிங்கெல்லாம் இப்ப நல்லாத்தான் வருது, என்ன?" என்றாள். வந்த ஆத்திரத்தை வீட்டுக்கு வந்து செயின்மேல் காட்டினேன். பல் பேஸ்ட், பழைய பிரஷ், என் முழு பலம். கொக்கிக்குப் பக்கத்தில் ஒரு கண்ணி வாயைப் பிளந்துவிட்டது.

அப்படியே உங்களிடம் கொண்டுவந்து நீட்டினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன மதினி, மீன் சட்டி கழுவுற மாதிரி கழுவியிருக்கீக?" என்றீர்கள். நீங்களும் என்னை மதினி என்றுதானே கூப்பிடுவீர்கள். ஆசாரியிடம் பற்றவைத்து வாங்கிவந்த பிறகு, என் கண் முன்னாலேயே இன்னொரு தடவை கழுவினீர்கள். "அம்புட்டு மெல்லிசான சாமான் மதினி. ஊற விட்டா அழுக்கு தானா இறங்கும். நம்ம கோவத்த அதுக்கிட்ட காட்டப்படாது."

கொக்கியை மாட்டித்தான் தண்ணீரில் போட வேண்டும், இல்லாவிட்டால் சிக்கு விழும். விழுந்தால் இழுக்கக் கூடாது. தட்டில் வைத்து ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, இரண்டு ஊசியால் நெகிழ்த்த வேண்டும். குழந்தைகளின் பிரஷ்ஷால் நீளவாக்கில் தடவலாம், குறுக்கே தேய்க்கக் கூடாது. அலசியபின் பழைய வேட்டித் துணியில் நேராகக் கிடத்திக் காயவிட வேண்டும். ஈரம் முழுக்கப் போன பிறகுதான் பஞ்சில் வைக்கலாம். நேற்று அத்தனையும் செய்தேன். என் பொறுமை உங்களுக்குத் தெரியும். மூன்று தண்ணீர் மாற்றினேன், நம்புவீர்களா?

துணியில் கிடத்தும்போதுதான், ஆஸ்பத்திரியில் நீங்கள் சொன்னது எனக்கு உறைத்தது. செயினைக் கழற்றி என் கையில் வைத்து, "அவ கழுத்துல போட்டு விட்டுருங்க மதினி. பெட்டியில வைக்க விடாதீக. தெனமும் போடணும்" என்றீர்கள். பெற்றவளின் ஆசை, அவ்வளவுதான் என்று நினைத்தேன். துக்கமெல்லாம் ஆறட்டும், பிறகு கொடுக்கலாம் என்று பஞ்சில் சுற்றி நானே அலமாரியில் வைத்துவிட்டேன். மண்டு நான். இருபது வருடம் உங்களை ஞாயிற்றுக்கிழமை மட்டும் செயினோடு பார்த்த எனக்கு, அதைத் தினமும் போடுகிறவள் எந்த வேலைக்குப் போக முடியாது என்பது அன்றைக்கே புரிந்திருக்க வேண்டும்.

இன்று காலை ஏழு மணிக்கெல்லாம் உங்கள் வீட்டு வாசலில் நின்றேன். அவள் தூக்குவாளியோடு கிளம்பி நின்றாள். தோட்டைக்கூடக் கழற்றியிருந்தாள். நேரே அவள் கழுத்தில் செயினைப் போட்டுக் கொக்கியை மாட்டிவிட்டேன்.

"அத்தை, கேட்டுல கழட்டச் சொல்லுவாகளே."

"சொல்லுவாக. நீ கழட்டக் கூடாது. உங்கம்மா சொன்னது."

அம்மா என்ன சொன்னாள் என்று கேட்டாள். வார்த்தை மாறாமல் சொன்னேன். செயினை இரண்டு விரலால் பிடித்தபடி வாசற்படியில் உட்கார்ந்து, சத்தமில்லாமல் அழுதாள். நானும் அழுதேன், மதினி. ஆனால் விடவில்லை.

"அப்பாவுக்குச் சோறு?"

"எங்க வீட்டுல பொங்குறதுல ஒரு ஆளுக்குச் சேத்துப் போடுறேன். நீ பைய எடு."

அவள் எழுந்திருக்கவில்லை. எழுந்தது உங்கள் வீட்டுக்காரர். அவளுடைய ஹாஸ்டல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்து, "பஸ்ஸுக்கு நேரமாச்சு தாயி" என்றார்.

மதுரை பஸ்ஸில் ஏற்றிவிட்டுத்தான் நான் வேலைக்குப் போனேன். நேரமாகிவிட்டது, போர்மேன் கத்தினார். காதில் வாங்காமல், உங்கள் இடத்தில் போய் உட்கார்ந்தேன். அங்கே இனி நான்தான்.

"அந்தப் புள்ள எங்க, இன்னைக்கு வாறேன்னுச்சே?" என்றார்.

"அது கழுத்துல செயின் கெடக்கு. வராது" என்றேன்.

நாளைக்கும் கேட்பார். நாளைக்கும் இதையே சொல்வேன்.