இரண்டு தாளிலும் பாப்பா கையெழுத்துப் போடவில்லை

என் பெரியவனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், அதனால் உள்ளதைச் சொல்கிறேன், மூன்று பேரும் வேளைக்குச் சாப்பிடுகிறோம், அப்பாவுக்கு ரத்த அழுத்தம் அடங்கியிருக்கிறது, பாப்பா ஒரு ஊன்றுகோலை விட்டுவிட்டாள், இன்னொன்றுதான் பாக்கி. போன வாரம் போனில் நீ போட்ட சத்தத்தில் எனக்குச் சொல்ல வந்ததெல்லாம் மறந்துபோயிற்று, அடுத்த அறையில் இருந்த அப்பாவுக்கே கேட்டது என்றால் பார்த்துக்கொள். கோபத்தில் எழுதவில்லை. கூடப்பிறந்தவளுக்கு இப்படி ஆகும்போது பக்கத்தில் இல்லையே என்கிற ஆற்றாமை உனக்கு, அது எனக்குத் தெரியாதா. ஆனால் கம்பெனி கொடுக்க வந்ததை ஏன் வாங்கவில்லை, அந்த டிரைவரை ஏன் வீட்டுக்குள் விட்டீர்கள், விட்ட பிறகு அவனுக்காக ஒரு கையெழுத்துப் போட ஏன் மாட்டேன் என்றாள், நீங்கள் எந்தப் பக்கம்தான் நிற்கிறீர்கள் என்று கேட்டாய் அல்லவா. அதற்கு முதலிலிருந்து வந்தால்தான் பதில் சொல்ல முடியும்.

அன்றைக்கு பாப்பா ஆஸ்பத்திரியில் காலை வேலையை முடித்துவிட்டு ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தாள். மேம்பாலத்துக்குக் கீழே சிவப்பு விளக்கு, நின்றாள். பின்னால் வந்த பார்சல் வேன் நிற்கவில்லை. சாலையில் டயர் தேய்ந்த தடமே இல்லை, பிரேக்கில் காலே வைக்கவில்லை என்று போலீஸ்காரர் சொன்னார். அந்த டிரைவர் அங்கேயே சாலையில் உட்கார்ந்து, போனில் பதில் அடித்துக்கொண்டு வந்தேன் என்று சொல்லிவிட்டானாம். உன் தங்கை வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்கே அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எத்தனை பேர் எலும்பைப் படம் எடுத்தவள், அதே மேசையில் அவளைப் படுக்க வைத்து அவளோடு வேலை செய்கிற பெண்ணே அழுதுகொண்டு படம் எடுத்தாள். டாக்டர் மெதுவாகச் சொல்லலாம் என்று படத்தை அந்தப் பக்கம் திருப்பி வைத்திருந்தார். இவள் விடவில்லை, “காட்டுங்க டாக்டர், நான் பார்க்காத படமா” என்று வாங்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டு என்னிடம், “அம்மா, முட்டி போச்சு” என்றாள், ஏதோ அடுத்த வீட்டுக்காரர் முட்டியைச் சொல்வதுபோல.

மருந்து மயக்கம் தெளியாத நாளிலேயே வேன் கம்பெனி ஆள் ஒருவர் வந்தார். நல்ல மனுஷன்போலத்தான் பேசினார், ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க எங்கள் பொறுப்பு, மேலே ஒரு தொகையும் தருகிறோம் என்று ஒரு தாளை நீட்டினார். நான் கும்பிடாத குறை. அப்பா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேவிட்டார். கண்ணை மூடியிருந்த பாப்பா, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கச் சொன்னாள். இனி எந்தக் காலத்திலும் யார்மீதும் எதுவும் கோரமாட்டேன் என்று இருந்தது. அவர், “இது சும்மா ஒரு சம்பிரதாயம்மா” என்றார். “சும்மான்னா என் கையெழுத்து எதுக்கு சார்?” என்று கேட்டுவிட்டு அவள் மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். அந்த நேரத்தில் அவள்மேல் எனக்கு எரிச்சல்தான் வந்தது, மறைக்கவில்லை.

பிறகுதான் வக்கீலம்மாவிடம் போனோம். அவருடைய அலுவலகம் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே, செங்குத்தான படி, பாப்பாவால் ஏற முடியாது. அவரே கீழே இறங்கி வந்து கடைக்குள் முக்காலி போட்டு உட்கார்ந்து, அந்த மெஷின் சத்தத்துக்கு நடுவே எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். போலீஸ் போடுகிற வழக்கு வேறு, அது அரசாங்கத்துக்கும் டிரைவருக்கும் நடுவே, அதில் நாம் சாட்சிதான். நாம் போடுகிற நஷ்டஈட்டு வழக்கு வேறு, அதை டிரைவர், வண்டிக்காரக் கம்பெனி, இன்சூரன்ஸ் என்று எல்லோர்மேலும் சேர்த்துப் போடலாம், வைத்தியத்துக்கு மட்டுமில்லை, போன சம்பளத்துக்கும் இனிமேல் செய்ய முடியாமல் போகிற வேலைக்கும் பட்ட வலிக்கும் கேட்கலாம். சமாதானமாகவும் போகலாம், அது தப்பில்லை, ஆனால் முட்டி எவ்வளவு மடங்கும் என்று டாக்டர் கடைசியாகச் சொல்லட்டும், “காயம் ஆறி முடியறதுக்கு முன்னாடி கணக்கை முடிச்சுடாதீங்க” என்றார். ஸ்கூட்டரைப் பழுது பார்க்காமல் அப்படியே வைக்கச் சொன்னார், டிரைவர் போனில் செய்தி வந்துபோன விவரம் அழிந்துபோவதற்குள் கோர்ட்டு மூலமாகக் கேட்டுவிட வேண்டும் என்றார். இத்தனையும் கேட்டுவிட்டு உன் அப்பா, “அப்போ அவனை உள்ளே தள்ள முடியாதா?” என்று கத்தினார் பார், நகல் எடுக்க வந்தவர்கள் எல்லோரும் தங்கள் தாளை எடுத்துக்கொண்டு தள்ளி நின்றார்கள்.

வழக்குப் போட்டதும் கம்பெனி பேச்சை மாற்றிவிட்டது. வண்டி ஓட்டும்போது போனைத் தொடக்கூடாது என்பது எங்கள் விதி, அதை மீறி அவன் சொந்தக்காரர் யாருடனோ அரட்டை அடித்தான், எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். செய்தி வந்த நம்பரும் அவர்கள் அலுவலக நம்பர் இல்லை. அப்படியே முடிந்திருந்தால் எல்லாம் அந்த டிரைவர் தலையில்தான் விழும், அவனிடம் என்ன இருக்கிறது வாங்க.

அப்போதுதான் அவர் வந்தார். அவன் என்று எழுதிக்கொண்டே வந்தவள் இப்போது அவர் என்கிறேன், நேரில் பார்த்தால் உன் சித்தப்பா வயது, அதனால் கை தானாக மாறுகிறது. தைத்துக்கொண்டிருந்த திரைச்சீலையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நான்தான் கதவைத் திறந்தேன். செருப்பை வாசலுக்கு வெளியே விட்டுவிட்டு நின்றார். யாரம்மா என்று உள்ளேயிருந்து பாப்பா கேட்டாள், யாருமில்லை என்றேன். “நான்தாம்மா அந்த வேனை ஓட்டினவன்” என்றார் அவர், அவளுக்குக் கேட்கிற மாதிரி. கையில் இருந்த கத்தரிக்கோலை நான் கீழே வைக்கவில்லை. பாப்பா, உள்ளே வரச் சொல்லு என்றாள். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. அந்தச் செய்தி சூப்பர்வைசர் தன் சொந்த நம்பரிலிருந்து அனுப்பியது, எங்கே இருக்கிறாய் என்று கேட்பாராம், உடனே பதில் போடாவிட்டால் மறுநாள் வண்டி தரமாட்டாராம், எல்லா டிரைவருக்கும் இதே கதைதானாம். இதைக் கோர்ட்டில் வந்து சொல்கிறேன் என்றார். உங்கள் வக்கீல் என்ன சொன்னார் என்று பாப்பா கேட்டாள். “வாயைத் தொறக்காதேன்னார், தொறந்தா உன் கேஸுக்குத்தான் கெடுதல்னார்.” அப்புறம் ஏன் வந்தீர்கள் என்றாள். அவர் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவள், “அன்னைக்கு நீங்க என்ன பதில் அடிச்சீங்க?” என்று கேட்டாள். “சிக்னல்கிட்ட இருக்கேன்னு. முழுசா அடிக்கலைம்மா” என்றார்.

விஷயம் தெரிந்ததும் வக்கீலம்மா எங்களைத்தான் கடிந்துகொண்டார். இனி அவரைப் பார்க்காதீர்கள், ஒரு வாக்குறுதியும் கொடுக்காதீர்கள், சாட்சியை விலைக்கு வாங்கினார்கள் என்பார்கள், கோர்ட்டு கூப்பிடட்டும், அங்கே வந்து சொல்லட்டும் என்றார். கூப்பிட்டது. வந்தார். கம்பெனி வக்கீல் எத்தனையோ விதமாகக் குடைந்து பார்த்தார், அவர் தன் தப்பைக் குறைத்தும் சொல்லவில்லை, சூப்பர்வைசர் பேரை விட்டும் சொல்லவில்லை. அவர் சொன்ன பிறகு இன்னொரு டிரைவரும் துணிந்து வந்து, ஆமாம், எனக்கும் அப்படித்தான் என்றார். கம்பெனியும் பொறுப்புதான் என்று தீர்ப்பு வந்தது உனக்குத் தெரியும். அவர்கள் மேல்கோர்ட்டுக்குப் போவார்கள் போலிருக்கிறது, போகட்டும், நாங்களும் போவோம்.

இப்போது அந்தக் கையெழுத்துக்கு வருகிறேன். போலீஸ் வழக்கில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டனையைக் குறைத்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை என்று பாப்பா எழுதிக் கொடுத்தால் உதவியாக இருக்கும் என்று அவருடைய வக்கீல் ஒரு தாளோடு வந்தார். என்னிடம் கொடுத்திருந்தால் நான் போட்டிருப்பேன், உண்மையைத்தான் சொல்கிறேன், கத்தரிக்கோலோடு நின்ற அதே நான். பாப்பா மாட்டேன் என்றாள். “அவர் நிஜத்தைச் சொன்னாரு, சரி. அதுக்காக என் கால் சரியாயிடுச்சுன்னு நான் பொய் சொல்லணுமா?” என்றாள். கோர்ட்டுக்குப் போய் நீதிபதி முன்னால் இரண்டையும் அவளே சொன்னாள், இவர் தனக்குக் கெடுதல் என்று தெரிந்தும் வந்து சாட்சி சொன்னார், அதையும் எழுதிக்கொள்ளுங்கள், இந்தக் காலை மடக்கி என்னால் தரையில் உட்கார முடியாது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்று. வெளியே வராந்தாவில் அவரிடமும், “உங்க மேல எனக்குக் கோபம் போகலைங்க. போனா சொல்றேன்” என்றாள். அவர், சரிம்மா என்றார். சில மாதம் உள்ளே, லைசென்ஸும் ரத்து. திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் அழுதேன், யாருக்காக என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, பாப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு என் கையைப் பிடித்தபடி வந்தாள். எந்தப் பக்கம் என்று கேட்டாயே, இவ்வளவுதான் என்னால் சொல்ல முடிந்தது.

இந்தத் திங்கட்கிழமை அவள் வேலைக்குத் திரும்பினாள். எக்ஸ்ரே அறையில் போடுகிற அந்தக் கனமான ஈயக் கோட்டைப் போட்டுக்கொண்டு இனி நிற்க முடியாது என்பதால் ஸ்கேன் பிரிவில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள். முதல் நாள் துணைக்கு நானும் போய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே யாரோ ஒரு பெரியவருக்கு ஸ்கேன், ஸ்பீக்கரில் பாப்பா குரல் வந்தது, “மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்கய்யா” என்று. நானும் பிடித்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பிறகு, “இப்ப விடலாம்” என்றாள், விட்டேன்.

உங்கள் இருவருக்கும் எந்தக் கெடுதலும் அண்டாமல் நீண்ட ஆயுளோடு நிறைவாக இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு, எனக்கு இல்லை, அவளுக்கு. கால் எப்படி இருக்கிறது என்று ஆரம்பிக்காதே, வேலை எப்படி இருக்கிறது என்று கேள். வண்டியில் போய்க்கொண்டே பேசாதே, வீட்டில் உட்கார்ந்து பேசு.

இப்படிக்கு,
உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா