பனிக்கரடியை விரட்டிய தட்டு

அம்மாவுக்குக் கனகராசு எழுதுவது. கால் வீக்கம் வற்றியதா? மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நான் சுகம்தான், தூக்கம்தான் இல்லை. நார்வேக்கு வடக்கே இந்தக் கோடையில் பொழுதே சாய்வதில்லை, படகில் சமையல்கட்டு வேலையும் ஓய்வதில்லை. சிக்னல் கிடையாது, ஊர் திரும்பும் பயணி ஒருவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நேற்றுப் பனிப்பாறை ஓரம் ஒரு வெள்ளைக் கரடி வந்தது. அதைப் பார்க்கத்தான் பயணிகள் இத்தனை தூரம் வந்தது. எல்லோரும் மூச்சுவிடாமல் கேமராவோடு நின்றார்கள். எச்சில் தட்டோடு மேலே வந்த நான், நம் கட்டபெட்டுத் தேயிலைக் காட்டில் நீங்கள் கரடியை விரட்டுவதுபோலத் தட்டைக் கரண்டியால் அடித்து, “அக்கட்டால போ சாமி!” என்று கத்திவிட்டேன். கரடி ஓடியே போய்விட்டது. இனி நான் மேல்தளத்துக்கு வரக் கூடாதாம். பரவாயில்லை, கீழே குளிர் குறைவு.

விடியும் முன் தனியாகக் கொழுந்து பறிக்கப் போகாதீர்கள். பின்கதவு பல்பை மாற்றச் சொல்லுங்கள். அப்புறம், அடுத்த முறை கரடிக்குத் தட்டும்போது அந்தச் சத்தத்தைப் போனில் பிடித்து அனுப்புங்கள். கரைக்கு வந்ததும் கேட்பேன். அது போன பிறகு, “சோறு ஆறுது, உள்ள வா கண்ணு” என்று என்னைக் கூப்பிடுவீர்களே, அதுவரைக்கும் பதிவை நிறுத்த வேண்டாம்.

மணி அடிக்கிறார்கள்.

கனகராசு