ஹர்த்தால் நாளில் என் வயலின்

பாறசாலை, ஞாயிறு காலை

அன்புள்ள அப்பாவுக்கு, கோமதியின் வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் சுகம். போனில் சொன்னால் குரல் உடைந்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று இங்கே கோயில் சங்கீத உற்சவத்தின் நிறைவுக் கச்சேரி. ஹர்த்தால் என்பதால் திருவனந்தபுரத்து வயலின்காரர் வர வண்டியில்லை. நாலு மணிக்குக் கமிட்டி வேலாயுதன் அண்ணன் வாசலில் நின்றார்.

“டீச்சரே, வயலின எடுத்துட்டு வாருங்கோ.”

“கணக்கு டீச்சருக்கு வாசிக்கத் தெரியும்னு யார் சொன்னது?”

“ஜன்னல அடச்சா கேக்காதுன்னு நெனச்சியளா? தெரு முழுக்க தெனமும் கேக்குதாக்கும்!”

பயந்துகொண்டுதான் மேடையேறினேன். தோடி ராகத்தில் பாடகர் விட்ட இடத்தை நான் பிடித்ததும் அவர், “பலே!” என்றார். பயம் போயிற்று. ஹர்த்தால் முடிந்து ஏழு மணிக்கு அந்த வயலின்காரர் ஓடிவந்தார். நான் எழப்போனேன். அவரோ, வாசி என்று கைகாட்டிவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்து தாளம் போட்டார். மங்களம் வரை நானேதான், அப்பா!

வயலின் கம்பி ஒரு செட்டும் நாரத்தங்காய் ஊறுகாயும் அனுப்புங்கள். இங்கே சுருதி விலகினால் உங்களைப்போல் இருமிக் காட்ட ஆளில்லை.

எதிர்வீட்டு ஷியாமளா அக்கா கூப்பிடுகிறார்: “என்ன டீச்சரே, இன்னைக்கு வாசிப்பு இல்லியா?”

நிறுத்துகிறேன். ஜன்னலைத் திறக்க வேண்டும்.

கோமதி