கிணற்றடியில் இறக்கிய முடி

இன்றைக்குச் சரவணப் பொய்கைப் படியில் என் முன்னால் வந்து குந்தியவன் காக்கி நிஜார் போட்டிருந்தான். சண்டை முடிந்து ஊர் திரும்பியவனாம், கே.ஜி.கண்டிகைக்காரன். வேண்டுதல் முடி. தண்ணீரை அள்ளித் தலையில் தேய்த்தேன். ஈர முடியின் வாடை எனக்குப் புதிதில்லை, அதில்தான் பிழைக்கிறேன். ஆனால் அந்தக் காக்கித் துணியோடு சேர்ந்து வந்தபோது கை நின்றுவிட்டது. கத்தி மொக்கையா அண்ணே என்று கேட்டான். இல்லை என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

நீயாக இருந்தால் கேட்டதோடு விட்டிருக்க மாட்டாய். உறவே இல்லாத என்னை மச்சான் முறை வைத்துப் பாவா பாவா என்று கூப்பிட்டு, என் கத்தியைவிட உங்கள் வீட்டு அரிவாள்மணை கூர் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நீ.

விஷ ஜுரத்தில் நீ கிடந்தபோது உன் அம்மா தணிகை மலையானுக்கு நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்தால் முடி வளர்த்து, பொய்கையில் இறக்கி, மலையேறிக் கும்பிடுவதாக. நீ பிழைத்தாய். முடி தோளுக்கு வந்தது. ஆடிக் கிருத்திகைக்கு இறக்கலாம் என்று அவள் இருக்க, நீ அரக்கோணம் போய்ப் பட்டாளத்தில் பெயர் கொடுத்துவிட்டு வந்து நின்றாய். மிலிட்டரியில் போனதும் வெட்டிக் குப்பையில் போடுவான் என்றார்கள். அதனால் ரயிலேறும் அன்று காலையிலேயே பொய்கையில் இறக்கிவிடுவது என்று முடிவாயிற்று.

நான் விடிந்ததிலிருந்து பொய்கையில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தேன். நீ வரவில்லை. தேடிக்கொண்டு போனால், கூடப் போகிற பையன்களோடு ஸ்டேஷன் பக்கத்துக் காபிக் கடையில் உட்கார்ந்து பர்மாவைப் பற்றி அளந்துகொண்டிருந்தாய். எனக்கு வந்த கோபத்துக்கு உன்னை அறைந்திருக்க வேண்டும். இனிப் பொய்கைக்குப் போய்த் திரும்ப நேரமில்லை. ஸ்டேஷன் கிணற்றடியிலேயே உட்கார்ந்து, "இங்கியே எடுத்துடு பாவா. சாமிக்குத் தெரியாதா?" என்றாய். எடுத்தேன். துண்டில் கூட்டி வைத்த முடியில் பாதியைக் காற்று தண்டவாளத்துப் பக்கம் கொண்டுபோயிற்று. நீ சிரித்தாய். மீதியை மறுநாள் நான்தான் பொய்கையில் போட்டேன்.

கட்டுச்சோற்றோடு ஓடி வந்த உன் அம்மா, மொட்டைத் தலையைப் பார்த்ததும் இரண்டு கையாலும் தடவினாள். பொய்கையில் எடுத்து, அப்படியே மலையேறிக் கும்பிட்டுவிட்டு வந்ததாக நீ வாய் கூசாமல் சொன்னாய். ஈரக் கத்தியோடு நான் பக்கத்தில் நின்றேன்.

நீ போய்விட்டதாகத் தந்தி வந்த அன்றும் என் எதிரே தலைகள் குனிந்தபடிதான் இருந்தன. நானும் இறக்கிக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை, ஏன் என்று எனக்கும் தெரியவில்லை. பத்தாம் நாள் உன் அம்மா என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "நைனா, பொய்கையிலதானே எடுத்தே? மலையப் பாத்துச் சொல்லு" என்றாள். நான் மலையைப் பார்த்து, ஆங் என்றேன். அவள் நேர்த்தி தவறியதால்தான் நீ போனாய் என்று வாழ்நாளெல்லாம் வெந்துகொண்டிருக்கக் கூடாது என்று நினைத்தேன். அவளோ, "அப்போ நாம சொன்னபடி செஞ்சிட்டோமே. அப்புறம் சாமி ஏன் அவன எடுத்துகினாரு?" என்றாள். அதற்குப் பிறகு அவள் மலையேறவே இல்லை. கிருத்திகைக்கு ஊரே காவடி தூக்கிக்கொண்டு போகும்போது கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

உண்மையைச் சொன்னால் அவளுக்குச் சாமி திரும்பக் கிடைப்பார். ஆனால் போகும்போதுகூடத் தன் பேச்சைக் காப்பாற்றிவிட்டுப் போன பிள்ளை இருக்க மாட்டான். அவளுக்கு மிச்சம் அந்தப் பிள்ளை ஒருவன்தான். எதைப் பிடுங்குவது, நீயே சொல்.

கண்டிகைக்காரன் மலையேறிப் போனதும் இன்று சொல்லியே தீர்வது என்று உன் வீட்டுக்குப் போனேன். அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, எப்போதும் கேட்பதையே கேட்டாள்: "எப்படி உக்காந்துகினு இருந்தான், சொல்லு." வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். மலையைப் பார்த்து உட்கார்ந்தான், கண்ணை மூடிக்கொண்டான் என்றேன். இன்றைக்குப் புதிதாக ஒன்றும் சேர்த்தேன்: அம்மாவை நல்லா வை என்று வாய்க்குள் முணுமுணுத்தான் என்று. அவள் ஆய்வதை நிறுத்தவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

திரும்பி வரும்போது அந்தக் கிணற்றடியை நினைத்துப் பார்த்தேன். அங்கே நீ இல்லை. எத்தனை முயன்றும் பொய்கைப் படியில்தான் உட்கார்ந்திருக்கிறாய், மலையைப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு. நீ சிரித்த சிரிப்பை நான் ஒருத்தன்தான் பார்த்தேன். இப்போது என் கண்ணுக்கும் அது தெரியவில்லை.